அம்பு மட்டும் அச்சான வீடு

சிதம்பரத்தில் நான் எட்டு வருடம் வீட்டு பிளான் வரைந்த அலுவலகத்தில் ஒரு கொள்கை இருந்தது. அச்சுக்குப் போகும் முன் 'பிரிவியூ' பார்ப்பது தன்னம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை. கொள்கையை வகுத்தவர் எங்கள் இன்ஜினியர் சார். கடைப்பிடித்தவர்கள் சாரும் நானும். அலுவலகத்தில் இருந்ததே அவ்வளவு பேர்தான்.

பிரிவியூ ஒன்றும் பெரிய ரகசியமில்லை. கணினியில் வீட்டின் படத்தை வரைகிறோம். திரையில் கறுப்பு நிறத்தின் மேல் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் கோடுகள் திருவிழாச் சீரியல் விளக்கு போல எரியும். அதே படம் வெள்ளைத் தாளில் எப்படி வரும் என்பதைத் தாள் வீணாவதற்கு முன்பே காட்டுகிற பொத்தான் அது. அழுத்தினால் ஐந்து விநாடி ஆகும். பிழை இருந்தால் அங்கேயே பல்லிளித்துவிடும். சாரிடம் அந்த ஐந்து விநாடிதான் இருக்காது. காலையில் செய்தித்தாளுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். அதில் வந்த செய்திகளைக் கீழ்க்கடைக்காரரோடு சரிபார்க்க இன்னொரு அரை மணி நேரமும் இருக்கும்.

"அதான் ஸ்கிரீன்லயே தெரியுதேம்மா. கண்ணால பாத்தத இன்னொரு வாட்டி என்னாத்துக்குப் பாக்கணும்?" என்பார்.

கணினியில் வரைவதற்கான அந்த மென்பொருளின் பெயரைச் சுருக்கி அவர் 'கேடு' என்றே உச்சரிப்பார். "கேடுல போட்டுட்டியா?" என்று கேட்பார். நானும், "போட்டுட்டேன் சார்" என்பேன். அதில் பொய் எதுவும் கிடையாது.

சாருக்குத் தொழில் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கடற்கரை மணலில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும், எந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. தாளில் வருவதைப் பற்றித்தான் அவருக்குக் கவலையில்லை. தாள் என்பது மேஸ்திரிகளின் வசதிக்காகச் செய்கிற உபகாரம் என்பது அவர் எண்ணம்.

பெரிய தாளில் அச்சடிக்கும் பிளாட்டர் எங்களிடம் இல்லை. எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் இருந்தது. அந்தக் கடைக்காரர் ஒருநாள் நாலு பேர் இருக்கும்போது, "சார், பிரிவியூ பாத்தீங்களா? ஓரம் வெட்டுப்படுதே" என்று கேட்டுவிட்டார். ஓரம் உண்மையிலேயே வெட்டுப்பட்டது. அதனால்தான் சாருக்குக் கோபம் ஜாஸ்தியானது. அன்றோடு அந்தக் கடை எங்களுக்கு இல்லை என்றானது. அதற்குப் பிறகு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் அச்சு. இரண்டு தெரு நடக்க வேண்டிய வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். மின்னஞ்சலில் அனுப்பலாமே என்று யோசனை சொன்னேன். மின்னஞ்சலில் போனால் அளவு சுருங்கிவிடும் என்று சார் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆகவே பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை நான் கடலூர் போய் வந்தேன். அளவு சுருங்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

கடலூர்க் கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமானவர். ஒவ்வொரு தாளையும் பிரிவியூவில் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து மேலிருந்து கீழாகப் பார்ப்பார். அவருக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பார். "பாக்குறதுக்கு என்னா மேடம், கண்ணு தேஞ்சா போவுது?" என்பார். எங்கள் சாரின் கொள்கை அவரிடம் எடுபடாது என்பதால் அதை நான் அவரிடம் விளக்கியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பரங்கிப்பேட்டை வீடு எங்களிடம் வந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். இங்கே அவருடைய மனைவி மட்டும் வாடகை வீட்டில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த முதல் நாளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைச் சாரின் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் கைப்பேசிக்குள்ளிருந்த கணவர்தான். கீழே ஹால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், மாடியில் எத்தனை அறை, மீன் கழுவும் இடம் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் அவர் முடிவு செய்திருந்தார்.

"மாடிப்படி ஹாலுக்கு உள்ளதான் சார் வரணும். யாரு ஏறுறா யாரு எறங்குறான்னு ஹால்ல உக்காந்தா தெரியணும்" என்றார்.

அந்த ஹாலில் உட்காரப்போவது அவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் மட்டும்தான் அவர் உட்கார முடியும். இருந்தாலும் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் கண்காணிப்பில் இருக்க வேண்டியது அவசியம்தான்.

"படி வெளில இருந்தா..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"சிக்னல் கட்டாவுது, போன நேரா புடி" என்றார் கணவர். அக்கா நேராகப் பிடித்தார்.

அதற்குப் பிறகு குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. படி ஹாலின் இடது பக்கம், பிறகு வலது பக்கம், பிறகு மறுபடியும் இடது பக்கம் என்று அவர் அங்கிருந்தபடியே படியைத் தூக்கித் தூக்கி வைத்தார். கடைசி மாற்றம் வந்த அன்று காலையில்தான் மேஸ்திரிக்கான படங்கள் அச்சுக்குப் போக வேண்டும். அப்போதுதான் நான் அளவுகளைக் குறித்து முடித்திருந்தேன். பழைய படியை அழித்தேன். புதிய படியை வரைந்தேன். 'UP' என்ற எழுத்தையும் ஏறும் திசையைக் காட்டும் அம்பையும் மட்டும் அழிக்காமல் புது இடத்துக்கு நகர்த்தினேன். பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று கடலூரில் மழை. கடைக்காரர் வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிரிவியூ பாத்துரலாமா மேடம்? நாலு ஷீட்டுதான இருக்கு."

"வேணாண்ணா. மூணு மணி பஸ் போயிடும். அப்புடியே அடிச்சிடுங்க."

எட்டு வருடமாகச் சாரைப் பற்றி மனசுக்குள் நான் சேர்த்து வைத்திருந்த கிண்டல் அத்தனைக்கும் அன்று நானே தகுதி பெற்றேன். சூடான தாள்களைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, நனையாமல் கொண்டுவந்து சேர்த்தேன். நனையாமல் கொண்டுவந்ததில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டு மாதத்துக்கும் மேலாக ஒரு சத்தமும் இல்லை. அஸ்திவாரம் எழும்பியது, சுவர் எழும்பியது. சார் இரண்டு முறை போய்ப் பார்த்து, சுவர்கள் நேராக இருப்பதாகச் சொன்னார். சுவர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை காலை, செய்தித்தாள் நேரத்தில், அக்கா தனியாக வந்தார். நாலாக மடித்த தாளைச் சாரின் மேஜையில் விரித்து, ஓரத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தார்.

"சார், திங்கக்கெழம மேல கான்கிரீட் போடுறோம். ஒண்ணு கேக்கணும். மாடிக்கு எப்புடிப் போறது?"

"படியில ஏறித்தான்" என்றார் சார், செய்தித்தாளை இறக்காமல்.

"படி எங்க?"

சார் தாளை எட்டிப் பார்த்தார். நானும் எழுந்து வந்து பார்த்தேன். ஹாலின் இடது பக்கத்தில், படி இருக்க வேண்டிய இடத்தில், நீளமாக ஒரு காலி அறை. அதன் நடுவில் 'UP' என்று எழுதி ஓர் அம்பு மட்டும் இருந்தது. எங்கேயும் போய்ச் சேராத, ஆனால் மிகுந்த தன்னம்பிக்கையுள்ள அம்பு.

"இந்த அம்பு நேரா ஜன்னத்துக்கா போவுது?" என்று சொர்க்கத்துக்கு வழி விசாரிப்பது போலக் கேட்டார் அக்கா. முகத்தில் சிரிப்பே இல்லை.

"உங்களுக்குப் படம் பாக்கத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, சார் என் கணினியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். திறந்தேன். திரையில் படி இருந்தது. ஒவ்வொரு படியும் கோடு கோடாக, அழகாக, பளபளவென்று. "இதோ!" என்றார் சார். அக்கா தாளைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இதில் இருக்கிறது, அதில் இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இதில் இருந்தது, அதில் இல்லை.

"மிஷின் முழுங்கிட்டு இருக்கு" என்று தீர்ப்பு சொன்னார் சார். "அந்தக் கடலூர்க்காரன் மிஷின் சரியில்ல. நா அப்பவே நெனச்சேன்."

அவர் எப்போது நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வரும் பொறுப்பு என்னுடையது என்று மட்டும் தெரிந்தது. அக்காவை, நாளைக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, சார் என்னைப் பஸ் ஏற்றினார்.

பஸ்ஸில் நாலு வார்த்தைகளையும் தயார் செய்துகொண்டே போனேன். கடையில் இரண்டை மட்டுமே சொல்ல முடிந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை. பென் டிரைவை வாங்கிச் சொருகினார், படத்தைத் திறந்தார். படி இருந்தது. பிரிவியூவை அழுத்தினார். படி மறைந்தது. அம்பு மட்டும் நின்றது. மறுபடி வெளியே வந்தார். படி இருந்தது. மறுபடி பிரிவியூ. படி இல்லை.

"மிஷினுக்கு இன்னும் போவவே இல்ல மேடம். இங்கயே இல்ல பாருங்க."

பிறகு படியின் மேல் ஒரு தட்டுத் தட்டி, அது எந்த லேயரில் இருக்கிறது என்று காட்டினார். இந்த மென்பொருளில் சுவருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று தனித்தனி லேயர்களில் வரைவோம், ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போல. அளவு குறிக்கும்போது மென்பொருள் தன் சொந்த உபயோகத்துக்கென்று ஒரு லேயரைத் தானாக உண்டாக்கிக்கொள்ளும். அதில் வரைந்தது திரையில் தெரியும், தாளில் வராது. அன்று காலை அவசரத்தில் நான் படியை அந்த லேயரில் வரைந்திருந்தேன். முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. எனக்கும் தெரியும்.

பிளாட்டர் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் பார்ப்பது போலவே இருந்தது.

"அன்னிக்கி நா கேட்டேனே மேடம்" என்றார் கடைக்காரர், மெதுவாக. திட்டியிருந்தால் திரும்பிப் போகும் பஸ்ஸில் எனக்கு யோசிக்க வேறு விஷயம் கிடைத்திருக்கும்.

மறுநாள் சாரோடு பரங்கிப்பேட்டைக்குப் போனேன். போகும் வழியிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"சார், கடையில தப்பு இல்ல. நாந்தான் படிய வேற லேயர்ல வரைஞ்சிட்டேன்."

"அங்க போயி இத சொல்லிக்கினு இருக்காத. மிஷின்னே இருக்கட்டும்" என்றார் சார். பிறகு, "ஸ்கிரீன்ல தெரிஞ்சிச்சா இல்லியா? அப்ப தப்பு இல்ல" என்று எனக்கு ஆறுதலும் சொன்னார். எட்டு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் ஆறுதல் அது. இப்படி ஒரு காரணத்துக்கு வந்திருக்க வேண்டாம்.

கட்டடத்துக்குள் நுழைந்தால், படி வர வேண்டிய இடத்தில் மேஸ்திரி மூன்று பக்கமும் வரிசை வரிசையாகக் கடப்பாக்கல் பலகை பதித்து, அருமையான ஸ்டோர் ரூம் கட்டியிருந்தார்.

"யோவ் மேஸ்திரி, மாடி வூட்டுக்குப் படி வேணும்னு ஒனக்குத் தோணல?" என்றார் சார்.

"படத்துல இல்ல சார். படத்துல இல்லாதத கட்டினா நீங்கதான கத்துவீங்க?"

"அம்பு போட்டு UPன்னு எழுதியிருக்கே, பாக்கல?"

"பாத்தேன் சார். யூ.பி.ன்னா வடக்கதான? நம்ம சென்ட்ரிங் பலக அடிக்கிற பசங்க கூட அங்கேர்ந்துதான் வந்துருக்காங்க. வடக்கு தெச காட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

சார் திசைகாட்டி இல்லாமலே வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்பு உண்மையிலேயே வடக்கைத்தான் காட்டியது.

அக்கா கைப்பேசியில் கணவரை வரவழைத்து, வழக்கம்போல நேராகப் பிடித்தார். கணவர் கத்தினார். சார் பிளாட்டரைப் பற்றிச் சொன்னார். கணவர் மேலும் கத்தினார். ஸ்டோர் ரூமை இடி என்றார். திங்கள்கிழமை கான்கிரீட்டுக்கு மெஷினும் ஆளும் சொல்லியாகிவிட்டது, இடித்துப் படிக்கு வழி விட்டுச் சென்ட்ரிங்கை மாற்றி அடிக்க இன்னும் ரெண்டு வாரமாகும், பசங்க அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றார் மேஸ்திரி. கைப்பேசியில் சிக்னல் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தேன். இருந்தது.

"அப்ப என்னதான் பண்றது?" என்றார் கணவர்.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "கெழக்குப் பக்கம் காம்பவுண்டுக்கும் சொவத்துக்கும் நடுவுல எடம் இருக்கு மச்சான். அங்க வெளில படி போட்டா ஒண்ணையும் இடிக்க வேணாம். நா சும்மா சொன்னேன். இஞ்சினியர் என்ன சொல்றாரோ."

சார் ஒரு விநாடி கூட வீணாக்கவில்லை. "அதான் என்னோட ஒரிஜினல் ஐடியா. காத்து வரும், ஹால் பெருசாவும். மொத நாளே சொல்லியிருப்பேன். நீங்க உள்ளதான் வேணும்னுட்டீங்க" என்றார். மேஸ்திரியும், தான்கூட அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். கணவர் முனகினார். பிறகு சரி என்றார். படியில் கம்பிக் கைப்பிடி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வதாக ஒப்பந்தமாயிற்று.

சாரும் மேஸ்திரியும் கிழக்குப் பக்கம் டேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவைப் பின்பக்கம், மணல் குவியலுக்கு அருகே பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"அக்கா, மிஷின் ஒண்ணும் பண்ணல. படிய தப்பா வரைஞ்சது நான். பாக்காம அச்சடிச்சதும் நான். உங்க வூட்டுக்காரர அவ்ளோ கத்த விட்டுட்டேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

"எனக்கு மொத நாளே தெரியும்மா."

"எது?"

"படி இல்லன்னு. நீங்க தாளு குடுத்த அன்னிக்கே வூட்டுக்குப் போயி, தரையில சாக்பீஸால அப்புடியே கோடு போட்டுப் பாத்தேன். எந்த ரூம்ல கட்டில் வரும், எந்தப் பக்கம் கதவு தொறக்கும்னு நடந்து நடந்து பாத்தேன். எல்லாம் வந்துச்சு. படி மட்டும் வரல. ரெண்டு வாட்டி பாத்துட்டு, தாள மடிச்சு பீரோவுல வெச்சுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ போட்டுக் குடுத்துருப்பியே. உள்ள போட்டுருப்ப." மணலில் கிடந்த ஒரு செங்கல் துண்டைக் காலால் ஒதுக்கினார். "எனக்கு மேல தையல் கிளாஸ் வெக்கணும்மா. நாலு பொண்ணுங்க கேட்டுக்கினே இருக்கு. ஹாலுக்குள்ள படி இருந்தா, வர்றவங்க போறவங்க எல்லாம் வூட்டுக்குள்ள பூந்துதான் போவணும். எங்க வூட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா? எத்தினி வாட்டி வாயெடுத்தேன், சிக்னல் கட்டாவுது சிக்னல் கட்டாவுதுன்னாங்க. அல்லாவாப் பாத்து தாள்ல அழிச்சுக் குடுத்தான்னு நெனச்சுக்கினேன். பலக பதிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துட்டுத்தான் வந்தேன்."

எங்கள் சார் இன்ஜினியர். நான் டிப்ளமோ. மேஸ்திரிக்கு இருபது வருட அனுபவம். அந்தத் தாளை முழுதாகப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான். கையில் சாக்பீஸ் மட்டும் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது. சிரித்துவிட்டேன். சார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, அங்கே என்ன சிரிப்பு என்று கேட்டார். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றோம்.

அடுத்த வாரம் புதிய படத்தோடு கடலூர் போனபோது கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட வுடுங்க மேடம்" என்று மவுஸை என் பக்கம் நகர்த்தி, நாலு ஷீட்டையும் என்னையே பிரிவியூவில் பார்க்கச் சொன்னார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். வெளிப்படி தாளில் இருந்தது. மாற்றிய படத்தைப் பேரூராட்சி அனுமதிக்கும் மறுபடி அனுப்பினோம்.

சாரும் திருந்தினார், தன் வழியில். பிரிவியூ பார்த்ததற்குக் கையெழுத்துப் போட ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்தார். தேதி, படத்தின் பெயர், பார்த்தவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள். பார்த்தவர் இடத்தில் நான் போடுவேன். சரிபார்த்தவர் இடத்தில் சார், வெள்ளிக்கிழமை மாலையில் உட்கார்ந்து, அந்த வாரம் முழுமைக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். திரையைத் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

இப்போது நான் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக வரைந்து கொடுக்கிறேன். போன மாதம் பரங்கிப்பேட்டை போனபோது அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் ஏழு தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் விடுமுறையில் வந்து, கீழே ஹாலில், யாரும் ஏறாத இறங்காத அந்தப் பெரிய ஹாலில், காற்றாட உட்கார்ந்திருந்தார். படியை வெளியே வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று எனக்கே விளக்கினார். தான் அங்கே இருந்துகொண்டே இதையெல்லாம் யோசித்ததாகவும் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பச்சைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கடைசிப் படி மட்டும் மற்றதைவிட இரண்டு அங்குலம் உயரம் குறைவு. என் படத்தில் அப்படி இல்லை, அது மேஸ்திரியின் சொந்தக் கற்பனை. தடுமாறி, கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருந்த பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.